கேட்ட அச்சமும் கண்ட அச்சமும்

தொலைக்காட்சித் திகில் தொடர் பார்ப்பவரை நடுங்க வைக்கும்போது அந்த நடுக்கம் எங்கிருந்து பிறக்கிறது என்ற கேள்வி, கலைநுட்பம் பற்றியதாகத் தோன்றினாலும், அடியில் சமயம் பற்றியதும் ஆகும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்தின் நிலைக்களன்களை அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்காக வகுத்து, வருத்தும் ஆற்றலுடைய தெய்வத்தைக் குறிக்கும் அணங்கை முதலில் வைக்கிறது. வடமொழி நாட்டிய சாத்திரமோ அச்சச் சுவையாகிய பயானகம் தோன்றும் காரணங்களைச் சொல்லத் தொடங்கும்போதே இயல்பு திரிந்த குரல்களை முன்வைத்து, பேயுருக் காண்டல், நரியும் ஆந்தையும் தரும் நடுக்கம், ஆளற்ற வீடு, காடு என்று தொடர்கிறது. இன்றைய தொடர்களின் ஒலிப்பதிவுக் கூடம் கையாளும் சரக்கில் பெரும்பகுதி இந்தப் பட்டியலுக்குள்ளேயே அடங்கிவிடும்.

உருவுக்கு முன் ஒலியே அச்சம் தருவதற்கு வங்கக் கலையில் சிறந்த சான்று ரவீந்திரநாத் தாகூரின் 'மணிஹாரா' கதையும், தாகூர் நூற்றாண்டான 1961இல் சத்யஜித் ராய் அதைத் 'தீன் கன்யா' படத்தின் ஒரு பகுதியாக எடுத்த விதமும் ஆகும். நகைகளைப் பிரிய மனமின்றி அவற்றோடு படகேறிப் போய்த் திரும்பாத மனைவிக்காகக் கணவன் காத்திருக்கும் இரவுகளில், ஆற்றுப் படித்துறையிலிருந்து அணிகலன்கள் உரசும் ஒலியும் கடினமான எதுவோ படியில் தட்டும் ஒலியும் கிளம்பி, ஓர் இரவு வாயில்வரையும் மறு இரவு படுக்கையறை வாசல்வரையும் நெருங்கி வருகின்றன. எலும்புக்கூடு கண்ணுக்குத் தெரிவதற்குள் அச்சம் தன் வேலையை ஏறத்தாழ முடித்துவிடுகிறது. ராய் தம் கதைப்படங்களுக்குத் தாமே இசையமைக்கத் தொடங்கியது இந்தப் படத்தில்தான் என்பதும், பொருள்கள் அடைந்து மூச்சுமுட்டும் அறைகளை முதலில் நெடுநேரம் காட்டிவிட்டே ஆளில்லாத ஒலியை அவற்றுக்குள் அவர் அனுப்புகிறார் என்பதும் கவனிக்கத்தக்கவை. வளையணிந்த எலும்புக் கை நகைப்பெட்டியின் மேல் பாயும் கணம் பார்ப்பவரைத் திடுக்கிட வைக்கிறது. ஆனால் நினைவில் தங்குவது அதற்கு முந்திய காத்திருப்பே.

மூலம் தெரியாமல் கேட்கும் குரலைப் பற்றி விரிவாக எழுதிய பிரெஞ்சுத் திரையியலாளர் மிஷெல் ஷியோன், அத்தகைய குரலுடையவர் எங்கும் இருப்பவராகவும் எல்லாம் அறிந்தவராகவும் எல்லாம் வல்லவராகவும் தோன்றுகிறார் என்றும், பேசும் வாய் திரையில் தெரிந்த உடனே அந்த ஆற்றல் கழன்றுவிடுகிறது என்றும் விளக்குகிறார். இவை இறையியல் கடவுளுக்குச் சொல்லும் இலக்கணங்கள். திகில் தொடரின் இயக்குநர் உருவை மறைத்து ஒலியை மட்டும் விடும்போது, தெய்வத்தின் இலக்கணத்தை அவர் சிறிது நேரத்துக்குக் கடன் வாங்குகிறார் என்றே சொல்லவேண்டும்.

கொல்கத்தாவில் இந்தக் கடனின் மூலத்தையே கேட்க முடியும். பாணி குமார் எழுதி, பங்கஜ் மல்லிக் இசையமைத்து, பீரேந்திர கிருஷ்ண பத்ரா ஓதிய 'மகிஷாசுரமர்த்தினி' வானொலி நிகழ்ச்சி 1930களிலிருந்து பெரும்பாலும் ஆண்டுதோறும் மகாளய அமாவாசை விடியலுக்கு முன், நான்கு மணிக்குச் சங்கொலியுடன் தொடங்குகிறது. அந்நிகழ்ச்சிக்கு ஆதாரமான தேவி மாகாத்மியத்தில் போர் ஆயுதத்தால் தொடங்குவதில்லை, தேவியின் பெருஞ்சிரிப்பு வானை நிரப்ப, உலகங்கள் கலங்கிக் கடல்கள் நடுங்குகின்றன. அவள் கைமணியின் ஓசை அசுரரின் வலிமையைக் குலைக்கிறது. பின்னர் தேவர்கள் அவளைத் துதிக்கையில், அதே மணியோசை தங்களைப் பிள்ளைகளைப் போலக் காக்கட்டும் என்று வேண்டுகிறார்கள். ஒரே ஒலி ஒருவரை அழிக்கவும் மற்றொருவரை அணைக்கவும் செய்கிறது என்பதே இந்தத் தேவி வழிபாட்டின் அச்சக் கொள்கை.

தொலைக்காட்சி இதே கதையைக் காட்ட முற்பட்டபோது சிக்கல் வெளிப்பட்டது. 1975 ஆகஸ்டில் கொல்கத்தா தூர்தர்ஷன் தொடங்கியது. பிற்காலத்தில் தூர்தர்ஷனும் தனியார் அலைவரிசைகளும் மகாளய விடியலில் தேவியின் போரை நடனமாகவும் கணினி வரைகலையாகவும் அரங்கேற்றி வந்திருக்கின்றன. அவற்றில் உழைப்பும் பக்தியும் உண்டு. ஆயினும் நெருப்புக் கக்கும் அசுரனையும் பத்துக் கைகளையும் முழு வெளிச்சத்தில் கண்ட கண், அவற்றை அளந்து முடித்துவிடுகிறது. அதன்பின் ஒலி உருவத்துக்குத் துணையாகச் சுருங்கிப் போகிறது.

இதைவிட ஆழமான வேறுபாடு திரும்பக் கேட்பதில் இருக்கிறது. திடீரென வெடிக்கும் ஓசையை நம்பும் திகில் காட்சி இரண்டாம் முறை பார்க்கும்போதே வலுவிழக்கிறது, ஏனெனில் எங்கே ஓசை வரும் என்ற செய்தியைத் தவிர அதனிடம் வேறொன்றும் இல்லை. பத்ராவின் குரலையோ மூன்று தலைமுறையினர் சொல்லுக்குச் சொல் அறிந்தே கேட்கிறார்கள், அப்படியும் சிலிர்க்கிறார்கள். இதற்கு விடை காஷ்மீரத்து அபிநவகுப்தரிடம் உண்டு. காளிதாசரின் சாகுந்தலத்தில் அம்புக்கு அஞ்சி ஓடும் மானைக் காணும் சுவைஞர், அஞ்சுவது மான் என்றோ தான் என்றோ பிரித்து எண்ணாமல், இடத்துக்கும் காலத்துக்கும் கட்டுப்படாத அச்சத்தையே உணர்கிறார் என்பது அவர் விளக்கம். இது பொதுமையாக்கம் எனப்படும். திடுக்கிடல் பார்ப்பவரைத் தன் உடலுக்குள் விரட்டிச் சுருக்குகிறது. பொதுமையான அச்சம் அவரைத் தன்னிலிருந்து வெளியே கொண்டுவருகிறது.

புகழும் திறமையும் பத்ராவின் குரலுக்குரிய இடத்தை நிரப்ப முடியாமற்போனதற்கு 1976 சாட்சி. அந்த ஆண்டு வானொலி பழைய நிகழ்ச்சியை விலக்கி, வங்கத் திரையின் முதன்மை நடிகர் உத்தம் குமாரின் குரலும் ஹேமந்த முகர்ஜியின் இசையும் கொண்ட புதிய நிகழ்ச்சியை மகாளயத்தன்று ஒலிபரப்பியது. எதிர்ப்பு பெரிதாகக் கிளம்பியதால், அதே ஆண்டின் துர்க்கா பூசைக் காலத்தில் சஷ்டியன்று பத்ராவின் குரலை நிலையம் மீண்டும் ஒலிக்கச் செய்ய நேர்ந்தது. கேட்டவர்கள் வேண்டியது புதிய நடுக்கத்தை அன்று, தாங்கள் ஏற்கெனவே அஞ்சிப் பழகி அடைக்கலம் கண்ட குரலையே.