வீட்டுக் காப்பீடும் வியாபார தர்மமும்

2025-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் தேதி, கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மேற்கே பசிபிக் பாலிசேட்ஸ் குன்றுகளில் காலையிலும், வடகிழக்கே மலையடிவாரத்து ஆல்டடேனாவில் மாலையிலும் மூண்ட தீ, சாண்டா அனா என்று அப்பிரதேசத்தார் அழைக்கும் வறண்ட பெருங்காற்றின் துணையோடு பரவி, அடங்குவதற்குள் 16,000-க்கு மேற்பட்ட கட்டடங்களை அழித்துவிட்டது. தீ மூண்ட காரணத்தைப் பற்றிய வழக்குகள் தம் வழியே நடக்கின்றன; அவை இங்கே விஷயமல்ல. மனத்தை உறுத்துவது தீ அணைந்த பின் வெளிப்பட்ட மற்றொரு துன்பம். ஆண்டுதோறும் தவறாமல் பிரீமியம் செலுத்தி, வீட்டுக்கு வேண்டிய காப்பெல்லாம் இருக்கிறது என்ற நிம்மதியில் வாழ்ந்த குடும்பத்தினர் பலர், பாலிசியில் குறித்த தொகை அதே வீட்டை அதே மனையில் மறுபடி எழுப்பப் போதாது என்பதை, வீடு இல்லாமற்போன பிறகே அறிந்தார்கள்.

இதிலிருந்து எழும் கேள்வி பார்வைக்குச் சிறியது. ஆராயப் புகுந்தால் பெரியது. ஒரு வீட்டுக்கு எவ்வளவு காப்பு வேண்டும், எந்த எந்த ஆபத்துக்கு வேண்டும் என்பதை அறிந்து சொல்லும் கடமை, காப்பை விற்பவருடையதா, வாங்குபவருடையதா? வாங்குபவர் கையெழுத்திட்டார், ஆகவே பொறுப்பும் அவருடையதே என்று சட்டம் சொல்லலாம், வியாபாரிகளும் சொல்லலாம். தர்மம் அப்படிச் சொல்லாது. அறிந்தவர் அறியாதவருக்கு உண்மையை முழுமையாகச் சொல்லக் கடமைப்பட்டவர். சொல்லாமல் விற்ற காப்பு, குறை அளவையால் அளந்து கொடுத்த சரக்கே.

விஷயத்தின் நுட்பத்தைச் சற்று விளக்குவது அவசியம். வீட்டின் விலை வேறு, வீட்டைத் திரும்பக் கட்டும் செலவு வேறு. மண் எரிவதில்லை, ஆயினும் லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற நகரத்தில் விலையின் பெரும்பங்கு மண்ணுக்கே உரியதாகையால், சந்தை விலையை வைத்துக் காப்பின் அளவைத் தீர்மானிக்க முடியாது. கட்டும் செலவோ, மரத்தின் விலையையும் தச்சரின் கூலியையும் மட்டும் பொறுத்ததன்று. அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீட்டை இன்று கட்டினால் இன்றைய கட்டட விதிகளுக்கு உட்பட்டே கட்டவேண்டும். அதற்கான அதிகச் செலவுக்குத் தனியாக இடம் வைத்திருந்தாலொழியச் சாதாரண பாலிசி அதை முழுதும் ஏற்காது. இடிபாடுகளை அகற்றவும் பணம் வேண்டும். ஆயிரக்கணக்கான வீடுகளை ஒரே சமயத்தில் கட்ட நேரும்போது கூலியும் சாமான் விலையும் ஒருங்கே ஏறிவிடும். இவற்றை முன்னிட்டே, குறித்த தொகைக்கு மேல் நூற்றுக்கு 25 அல்லது 50 வரை கூட்டித் தரும் பாலிசியும், செலவு எவ்வளவானாலும் கட்டித் தரும் பாலிசியும் உண்டு. தேய்மானத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் தரும் பாலிசியும் உண்டு. வெள்ளமும் பூகம்பமும் சாதாரண வீட்டுப் பாலிசியில் அடங்கா; அவற்றுக்குத் தனிக் காப்பு வாங்கவேண்டும். இத்தனை பேதங்களையும் ஓர் ஆசிரியரோ, ஓய்வு பெற்ற தபால்காரரோ தாமே கற்றுத் தெளிந்திருப்பார் என்று எண்ணிக்கொள்வது சாத்தியமா? மறுபுறம், கம்பெனியிடம் பல்லாண்டுக் கணக்குகளும், வீட்டின் சதுர அடியையும் வயதையும் கொடுத்த மாத்திரத்தில் தொகையைக் கணித்துத் தரும் கணினிச் சூத்திரங்களும் இருக்கின்றன. அந்தத் தொகையைப் பெரும்பாலும் முதலில் சொல்பவரும் விற்பவர் பக்கத்தவரே.

இவ்வளவு இருந்தும், 2008-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, 2003-ஆம் ஆண்டுத் தீயில் வீட்டை இழந்த ஒருவர் தொடுத்த வழக்கில், போதுமான தொகைக்குக் காப்பு எடுத்துக்கொள்வது வீட்டுக்காரரின் பொறுப்பேயன்றிக் கம்பெனியின் கடமையன்று என்று தீர்ப்பளித்தது. தன் அளவுநாடாவால் அளவெடுத்துத் தைத்துக் கொடுத்த தையற்காரர், சட்டை தோளில் ஏறவில்லை என்று கேட்டவரிடம், அளவைச் சரிபார்க்கவேண்டியது உம்முடைய பொறுப்பு என்று விடையிறுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நீதிமன்றம் ஒப்பந்தத்தின் எழுத்தைப் பார்த்தது. அதன் தொழில் அது. மனிதரின் மனச்சாட்சியோ எழுத்தோடு நின்றுவிட முடியாது.

ஆன்றோர் நூல்கள் இவ்விஷயத்தில் ஒருமுகமாகப் பேசுகின்றன. வள்ளுவர் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தை வாணிகத்தின் இலக்கணத்தோடுதான் முடிக்கிறார். மற்றவருடைய பொருளையும் தன் பொருளாக எண்ணிப் போற்றுவதே வணிகர்க்கு நல்ல வியாபாரம் என்பது அங்கே அவர் கருத்து. கம்பெனியின் தலைவர் தம்முடைய சொந்த வீட்டுக்குப் பாலிசி எழுதும்போது, திரும்பக் கட்டும் செலவில் பாதிக்கு எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பாரா? இராரெனின், பிறர் வீட்டுக்கு அவ்வாறு எழுதுவது அந்த இலக்கணத்தினின்று வழுவுவதாகும். வாய்மையைப் பற்றிய அதிகாரத்திலோ, உண்மை எது என்பதைப் பிறர்க்குத் தீங்கு விளையாமை என்ற அளவுகோலால் அளக்கிறார்; வாய் திறந்து பொய் சொல்லவில்லையே என்ற சமாதானம் அந்த அளவுகோலின் முன் நிற்காது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும்போது, அவர்களுடைய செல்வத்தை மட்டும் புகழவில்லை. வாங்குவதில் மிகையும் கொடுப்பதில் குறையும் அறியாத அவர்களுடைய நேர்மையையே சிறப்பித்துப் பேசுகிறார். பிரீமியத்தைக் கணக்காக வாங்கிக்கொண்டு காப்பைக் குறைவாகக் கொடுப்பவர் அந்தப் பட்டினத்துக் கடைத்தெருவில் தலை நிமிர்ந்து நடந்திருக்க முடியுமோ?

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் அறத்தைவிட அரசியலில் அக்கறை கொண்ட நூலென்பர். அதன் நான்காம் அதிகரணத்தில், வணிகரின் வஞ்சகத்தினின்று ஜனங்களைக் காக்கும் விதிகளைக் கூறும் அத்தியாயத்துக்கு அடுத்ததாகவே, தீ, வெள்ளம் முதலிய எட்டு மகாபயங்களினின்று காக்கும் விதிகளைக் கூறும் அத்தியாயம் அமைந்திருக்கிறது. இந்த வரிசையை ஓர் உபதேசமாகவே கொள்ளலாம்; தீயும் வஞ்சகமும் குடிகளுக்கு ஒருசேர வரக்கூடும் என்பதை அரசு மறந்துவிடலாகாது.

மேனாட்டாரும் இதற்கு மாறாகச் சொல்லவில்லை. கி.மு. 44-இல் ரோமாபுரிப் பேரறிஞர் சிஸரோ தம் மகனுக்கென்று கடமைகளைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பாகத்தில், வீடு விற்கும் ஒருவரின் கதையை எடுத்துக்கொள்கிறார். அந்த வீட்டின் மரம் உளுத்தது, அறைகளில் விஷ ஜந்துக்கள் உலவுகின்றன; இது விற்பவருக்கு மட்டுமே தெரியும். சொல்லாமலிருப்பது மறைப்பதாகாது, வாங்கும்படி யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்கிறார் டயோஜனிஸ் என்ற தத்துவ ஞானி. அவருடைய சீடரான ஆண்டிபேட்டரோ, வழி தவறியவருக்கு வழி சொல்லாதிருப்பதினும் கொடியது இது என்கிறார். இருவர் வாதத்தையும் எடைபோட்ட சிஸரோ சீடரின் பக்கமே சாய்கிறார். டயோஜனிஸின் வாதம் அக்காலத்திலேயே நிற்கவில்லையென்றால், இக்காலத்தில் எப்படி நிற்கும்? அடமானக் கடனில் வீடு வாங்கும் அமெரிக்கரை, கடன் கொடுத்த வங்கியே பாலிசி எடுக்கும்படி கட்டாயப்படுத்துகிறது. பாலிசியின் வாசகத்தில் ஓர் எழுத்தையும் மாற்ற அவருக்கு அதிகாரமில்லை.

இன்ஷூரன்ஸ் சட்டத்தின் மூலஸ்தானத்திலேயே இந்த தர்மம் வீற்றிருக்கிறது என்பது இன்னும் ஆச்சரியம். சுமத்ராத் தீவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உரிய மார்ல்பரோ கோட்டை பகைவர் கைப்பட்டதைப் பற்றிய இன்ஷூரன்ஸ் வழக்கில், 1766-ஆம் ஆண்டு தீர்ப்பளித்த மான்ஸ்ஃபீல்டு பிரபு, தான் தனியே அறிந்ததை மறைத்து மற்றவரை ஒப்பந்தத்தில் இழுப்பதைப் பரஸ்பர நல்லெண்ணம் தடுக்கிறது என்றார். இந்தக் கடமை காப்பு பெறுபவருக்கு உள்ளது போலவே கொடுப்பவருக்கும் உண்டு என்பதையும் தெளிவாக்கினார். பின்வந்த காலத்தில் கம்பெனிகள் இந்தத் தத்துவத்தின் முற்பாதியை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டு, வீட்டுக்காரர் எதையேனும் சொல்லாமல் விட்டாரா என்று தேடுவதிலேயே அதிகச் சிரத்தை காட்டிவந்தன.

தெரியாமல் நேர்ந்த பிழை இது என்று கம்பெனிகள் சொல்லவும் இடமில்லை. 1991-இல் ஓக்லண்டு குன்றுகளில் எழுந்த தீயில் 25 பேர் மாண்டு, ஏறத்தாழ 3,000 வீடுகள் அழிந்தபோதும் காப்புத் தொகை போதவில்லை என்ற இதே முறையீடு எழுந்தது. 2021 டிசம்பர் 30-ஆம் தேதி கொலராடோ மாநிலத்தின் போல்டர் பிரதேசத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் எரிந்த பின், அரசாங்க இன்ஷூரன்ஸ் இலாகா பாலிசிகளைப் பரிசோதித்தபோது, எவ்வளவு செலவானாலும் கட்டித் தரும் உறுதியுடையவை நூற்றுக்கு 8 அளவே தேறின. கலிபோர்னியாவிலோ, லாஸ் ஏஞ்சல்ஸ் தீக்கு முந்திய ஆண்டு மார்ச் மாதத்தில், அம்மாநிலத்தின் மிகப் பெரிய வீட்டுக் காப்பீட்டுக் கம்பெனியான ஸ்டேட் ஃபார்ம், ஏறத்தாழ 30,000 வீட்டுப் பாலிசிகளைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று அறிவித்திருந்தது. கைவிடப்பட்டவர்களுக்குக் கடைசிப் புகலிடமாக 1968-இல் ஏற்பட்ட ஃபேர் பிளான் என்னும் அமைப்பு, தீயை முக்கியமாகக் கொண்ட சுருங்கிய காப்பை மட்டுமே தருவது. திருட்டுக்கும் பிற பொறுப்புகளுக்கும் வேறு பாலிசி எடுத்துச் சேர்த்துக்கொள்ளவேண்டும். அந்த அமைப்பும் புகையால் விளைந்த சேதத்துக்கு விதித்திருந்த வரம்புகள் மாநிலச் சட்டத்துக்கு விரோதமானவை என்று 2025 ஜூன் மாதத்தில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்று முறை பார்த்த பாடத்தை நான்காம் முறையும் பாராதவர்போல் இருப்பதற்கு அறியாமை என்று பெயரில்லை.

வீட்டுக்காரருக்கும் கடமை இல்லாமலில்லை. பிரீமியம் குறைய வேண்டுமென்று தாமே தொகையைக் குறைத்துக்கொள்பவரும், வீட்டை விரிவாக்கியதைத் தெரிவிக்காதவரும், வந்த பாலிசியைப் பிரிக்காமலே பெட்டியில் வைப்பவரும் உண்டு. 1988-இல் ஜனங்களின் வாக்கால் நிறைவேறிய சட்டத்தின்படி அரசின் அனுமதியின்றிக் கட்டணத்தை ஏற்ற முடியாமல் கம்பெனிகள் இடர்ப்பட்டதும் மெய்யே. ஆனால் இவையெல்லாம் பிரீமியத்தை எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு நியாயமாகலாம். உண்மையைச் சொல்லாமலிருப்பதற்கு நியாயமாகா. கட்டுபடியாகாத ஆபத்தை ஏற்க முடியாது என்று நேரே மறுத்துவிடும் வியாபாரியைக் குறை கூறலாம், இகழ முடியாது. ஏற்பதாகச் சொல்லிப் பாதியளவே ஏற்பவர்தாம் இகழத்தக்கவர்.

நேர்மையான ஏற்பாடு நடைமுறைக்கு ஒவ்வாது என்போர் இந்தியாவைப் பார்க்கட்டும். 2021 ஏப்ரல் 1 முதல் இங்கே பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் விற்கவேண்டுமென்று ஒழுங்குமுறை ஆணையம் விதித்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில், கட்டடத்தின் பரப்பையும் அப்போதைய கட்டுமானச் செலவையும் பெருக்கிக் காப்புத் தொகையைக் காணும் வழி எழுதப்பட்டிருக்கிறது. மதிப்பில் பாதிக்கு எழுதியவருக்கு நஷ்டத்திலும் பாதியே என்று வெட்டும் பழைய விகிதாசார விதி அதில் நீக்கப்பட்டிருக்கிறது. காப்புத் தொகைக்கு மேல் அதுவும் தராது என்றாலும், அளவு காணும் முறையை வாங்குபவர் கண்முன் வைத்ததே ஒரு தர்மம்.

ஆகவே விற்பவர் செய்யவேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. வீட்டைத் திரும்பக் கட்ட இவ்வளவு ஆகும், இந்தப் பாலிசி இவ்வளவு தரும், இடையிலுள்ள குறை இவ்வளவு என்று மூன்று தொகைகளையும் ஆண்டுதோறும் எழுத்தில் தெரிவியுங்கள். எதெதற்குக் காப்பில்லை என்பதைக் கடைசிப் பக்கத்துச் சிற்றெழுத்தில் ஒளிக்காமல் முதற் பக்கத்தில் சொல்லுங்கள். சொன்ன பிறகும் குறைந்த காப்பே போதும் என்பவருக்கு அதையே விற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பழி உங்களைச் சேராது. அரசு இதைச் சட்டமாக்கட்டும். வீட்டுக்காரர் அந்த ஏட்டைப் படிக்கட்டும். ஆனால் சட்டம் வரும்வரை காத்திருப்பதும், வாங்குபவர் கேட்கும்வரை வாய் மூடியிருப்பதும் தர்மவான்களின் வழக்கமல்ல. பிறர் வீட்டைக் காப்பதாக வாக்களித்துக் கூலி பெறுகிறவர், அந்த வாக்கின் எல்லையைக் கூலி பெறுவதற்கு முன்னரே சொல்லிவிட வேண்டும்; சொல்லாமல் பெற்ற கூலியைச் சட்டம் லாபம் என்று எழுதிக்கொண்டாலும், அறநூல் எழுதும் பெயர் வேறு.