கல்லில் கோடும் நீரில் கோடும்

உடன்பிறந்தார் இருவர். பாகப்பிரிவினையின்போது பெரியதகப்பனார் இருவரையும் நோக்கி ஒரே கடுஞ்சொல்லைக் கூறுகின்றார். மூத்தவன் அன்று பொழுது சாயுமுன்னே அவரோடு அமர்ந்து உணவருந்துகின்றான். இளையவனோ பத்தாண்டுகள் கழித்தும் அச்சொல்லை எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கின்றான். சொல் ஒன்றே, துயர் மட்டும் வேறானது ஏன்?

"அவன் சுபாவம் அப்படி" என்று உலகம் கூறிவிடும். நாம் அங்ஙனம் கூறி அமைதல் இயலாது. அறிதலும் காண்டலுமே ஆன்மாவின் சுபாவம். வெகுளி மோகனீய கருமத்தின் உதயம். அவ்வுதயம் எல்லோர்க்கும் ஓரளவினதன்று.

வெகுளியை ஆச்சாரியர்கள் நால்வகைக் கோடுகளாகக் காட்டினர்: கல்லில் கீறியது, நிலத்தில் பிளந்தது, புழுதியில் வரைந்தது, நீரில் இட்டது. செருக்கிற்குக் கல்தூண், எலும்பு, மரம், பிரம்பு என்பன உவமைகள். பிரம்பு வளையும், கல்தூண் உடையுமேயன்றி வளையாது.

10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நேமிசந்திர ஆச்சாரியர் கோம்மடசாரத்தில் இவற்றின் வாசனாகாலத்தையும் வரையறுத்தார். பூவை எடுத்த பின்னும் கூடையில் மணம் நிற்பதுபோல, சினம் தணிந்த பின்னும் நெஞ்சில் நிற்கும் பதிவே வாசனை. சஞ்ஜ்வலனமாகிய நீர்க்கோடு 48 நிமிடங்கொண்ட ஒரு முகூர்த்தத்திற்குள் அழியும். புழுதிக்கோடு ஒரு பட்சம். நிலக்கோடு 6 திங்கள். அனந்தானுபந்தி எனும் கற்கோடோ பிறவிகள் பல கடந்தும் தொடரும்.

இது வெறுங்கணக்கன்று. அனந்தானுபந்தி நற்காட்சியையே மறைப்பது. நாள்தோறும் ஆலயம் சென்று அபிடேகம் காணும் ஒருவர் தம் தம்பியோடு ஓராண்டாகப் பகை பாராட்டினால், அவர்தம் நற்காட்சியின் நிலை யாது? கடுமையான வினாவே. எனினும் நூல் கூறுவதை நம் வசதிக்காக மென்மையாக்க நமக்கு உரிமையில்லை.

ஆயின், உரத்துச் சினப்பவரையே கொடியவர் என எண்ணுதல் பிழை. முகம் சிவந்து கூவியவர் மறுநாழிகையில் மறந்திருப்பார், அது நீர்க்கோடாகலாம். முறுவலோடு கைகூப்பிச் சென்றவர் நெஞ்சில் உளி இறங்கியிருக்கலாம். பிறர் கோட்டை அளக்கும் கருவி நம்மிடம் இல்லை.

தம் கோட்டைத் தாமே அளத்தற்கு வழி உண்டு. நாள்தோறும் செய்யும் பிரதிக்கிரமணத்தோடு பட்சத்திற்கு ஒருமுறையும், நான்கு திங்களுக்கு ஒருமுறையும், ஆண்டுக்கு ஒருமுறையும் அதனைச் செய்யுமாறு முன்னோர் வகுத்தனர். அன்று, யாருடைய பெயரைக் கேட்டதும் நம் முகம் வாடுகின்றதோ, அப்பெயரிலிருந்தே தொடங்கலாம்.