பிள்ளையை அனுப்பிவிட்டுக் கவலைப்படலாமா?

ஆனிப் பௌர்ணமியில் காரைக்கால் தெருக்களில் மாம்பழம் மழையாகக் கொட்டும். சிவன் பிச்சாண்டவராக வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்தும் வாசல்களிலிருந்தும் பழங்களை வீசுவார்கள். பிள்ளை வரம் வேண்டுவோர் முந்தானையை விரித்து ஏந்துவார்கள். விழாவின் நாயகியோ பிள்ளை பெறாதவர்: காரைக்கால் அம்மையார், இயற்பெயர் புனிதவதி. கப்பலேறி வணிகத்துக்குப் போன கணவன் பரமதத்தன் வீடு திரும்பவில்லை. பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்கு முதல் மனைவியின் பெயரை வைத்திருந்தான். அவனுக்காகச் சுமந்த உடலழகு இனி வேண்டாமென்று புனிதவதி பேயுருவைக் கேட்டு வாங்கினார் என்கிறது பெரியபுராணம். அழியாத அன்பு, மறுபிறவி இல்லாமை, பிறக்க நேர்ந்தால் மறவாதிருத்தல், இறைவன் ஆடும் அடியின்கீழ் பாடியபடி இருத்தல்: இவையே சிவனிடம் அவர் கேட்டவை. யாருடைய உயிரையும் காக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை.

பற்றை அறுத்தவரிடமே ஊர் பற்றைக் கேட்கிறது. அப்படிக் கேட்டுப் பெற்ற பிள்ளை வளர்ந்து, சீருடை போட்டு, வெள்ளமும் நிலச்சரிவும் உள்ள இடத்துக்குக் கிளம்பினால் பெற்றவள் என்ன வேண்டுவது? நூறு பேர் செத்த இடத்திலிருந்து தன் மகன் மட்டும் பத்திரமாகத் திரும்பட்டும் என்று நேர்ந்துகொள்வது தன்னலமா?

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி காரைக்கால் பகுதியில் மட்டும் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோனது. மீட்புக்கென்று தனிப்படை அப்போது கிடையாது. பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு போன்ற மீனவ ஊர்களில் உடல்களைத் தேடி எடுத்தவர்களில் பலர் அதே ஊர்க்காரர்கள், அக்கம்பக்கத்தார். மறு ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2006இல் தேசியப் பேரிடர் மீட்புப் படை உருவானது. அதன் 4ஆவது படைப்பிரிவின் முகாம் அரக்கோணத்தில் இருக்கிறது. அங்கிருந்து ரயிலில் கொஞ்ச தூரத்தில் திருவாலங்காடு, காரைக்கால் அம்மையார் பேய்களோடு தங்கிப் பாடிய சுடுகாட்டுத் தலம். இந்த அருகாமை தற்செயல்தான். ஆனால் அம்மையாருக்காக வீட்டில் காத்திருக்க யாருமில்லை. மீட்பு வீரருக்கு உண்டு.

இந்தக் காத்திருப்பைப் பற்றி மரபு பேசாமல் இல்லை. காவிரிக் கரையின் தேரழுந்தூரில் பிறந்தவராகச் சொல்லப்படும் கம்பர், வேள்வி காக்க இராமனைக் கேட்டு விசுவாமித்திரர் வந்த இடத்தில் தசரதனின் தவிப்பை ஒளிக்கவில்லை. அவன் சிறுவன், நானே வருகிறேன் என்கிறான் மன்னன். முனிவர் சினந்து எழ, வசிட்டர் எடுத்துச் சொன்ன பிறகே மகனை ஒப்படைக்கிறான். இராமன் துணிந்தால் மட்டும் போதவில்லை. தசரதன் கொடுக்க வேண்டியிருந்தது.

இஸ்லாமியச் சட்டம் இதை இன்னும் நறுக்காக வகுத்திருக்கிறது. போருக்குப் போக அனுமதி கேட்டு வந்தவரிடம், பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரித்து, அவர்களுக்குப் பணிவிடை செய்வதில் பாடுபடும்படி நபிகள் திருப்பியனுப்பியதாக ஹதீஸ் உண்டு. சிலர் செய்தால் மற்றவர்களின் பொறுப்பு தீர்ந்துவிடும் கடமைக்குப் புறப்படப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். ஆபத்து சொந்த ஊருக்குள்ளேயே வந்துவிட்டால் வேண்டாம் என்று சட்ட அறிஞர்கள் பிரித்தார்கள். சுனாமியன்று கடற்கரைக்கு ஓடியவர்கள் யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. மீட்புப் பணிக்காக வயநாட்டுக்கோ ஒடிசாவுக்கோ போகிறவனின் நிலை வேறு. உத்தரவு கையில் இருந்தாலும், 'போயிட்டு வரேம்மா' என்று அவன் சொல்வதில் ஒரு விண்ணப்பம் இருக்கிறது.

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் வணங்கும் மாதாவுக்கும் இந்தத் தவிப்பு தெரியும். பன்னிரண்டு வயது மகனைக் காணாமல் தேடி, மூன்றாம் நாள் எருசலேம் கோயிலில் கண்டது அவளது ஏழு வியாகுலங்களில் ஒன்று. கண்டதும் மகிழ்வதற்கு முன் கடிந்துகொள்கிறாள். மகன் இருந்தது இறைப்பணியில். ஆனாலும் லூக்கா அந்தக் கண்டிப்பை நற்செய்தியிலிருந்து நீக்கவில்லை.

ஆக, அனுப்பியவர் வேடிக்கை பார்க்கிறவர் ஆகமாட்டார். போனவரின் செயலில் பங்காளி. போகவிடாமல் மறித்திருந்தால் தன்னலம் என்று சொல்ல இடமுண்டு. போகவிட்டு, டவர் சாய்ந்து போன் கிடைக்காத இரவில் மஞ்சள் துணியில் காசு முடிகிறவள், தான் கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறாள். அவ்வளவே.

கேட்டால் கிடைக்குமா? 2013 ஜூன் 25 அன்று, உத்தரகாண்ட் வெள்ள மீட்பில் இருந்த விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் கேதார்நாத்திலிருந்து திரும்பும்போது கௌரிகுண்ட் அருகே விழுந்தது. இருந்த 20 பேரும் இறந்தனர். 9 பேர் தேசியப் பேரிடர் மீட்புப் படையினர். விமானப்படையினர் ஐவரில் ஒருவர் மதுரையைச் சேர்ந்த ஃப்ளைட் லெப்டினன்ட் பிரவீன். அந்த வீடுகளில் வேண்டுதலே இல்லாமலா இருந்திருக்கும்? ஆனாலும் துக்கம் கேட்கப் போகிற எவரும், 'நீங்கள் நேர்ந்துகொண்டது போதவில்லை' என்று சொல்வதில்லை. பிள்ளை திரும்பிய வீட்டில் 'சாமி காப்பாத்திடுச்சு' என்று மகிழ்கிறவர்களும் அப்படிச் சொல்வதில்லை. நேர்ந்துகொள்கிறவர்களே நேர்த்திக்கடனை உயிருக்கான விலையாக எண்ணவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

மறுநாள் விமானப்படைத் தலைமைத் தளபதி பிரவுன், ஹெலிகாப்டர்கள் நிற்காது என்று அறிவித்தார். மீட்பு தொடர்ந்தது. அன்று ஏறிய குழுவினர் வீட்டுக்கு போன் போட்டிருந்தால், முந்தைய நாள் செய்தியை டிவியில் பார்த்துவிட்டவர்களிடம்தான் விடைபெற வேண்டியிருந்திருக்கும்.