காகிதக் கட்டை அவிழுங்கள்!

‘நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராதுங்க.’ ரசீதைப் படமெடுத்து வைக்கலாமே, குறிப்பைக் கைப்பேசியிலேயே எழுதலாமே என்றதும் படித்தவர்கூடச் சொல்லும் பதில் இது. இந்தப் பேச்சை இன்றோடு விட்டொழியுங்கள். காய்கறிக் கடையில் க்யூஆர் அட்டையைக் காட்டியதும் பணம் அனுப்பும் விரல் உங்களுடையது. வெளிநாட்டுப் பேரனோடு வீடியோவில் கொஞ்சுவது நீங்கள்தான். பணத்தையே நம்பி ஒப்படைத்த கருவியில் நாலு வரி குறிப்பு எழுத உங்களால் முடியாதா? முடியும்! வயது குறுக்கே நிற்கவில்லை, படிப்பு நிற்கவில்லை. பயம் ஒன்றுதான் நிற்கிறது.

அந்தப் பயத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலையை எண்ணிப் பாருங்கள். ஏதோ ஒரு காகிதத்தை வங்கியில் கேட்கிறார்கள், மகளின் கல்லூரியில் கேட்கிறார்கள், மருத்துவர் கேட்கிறார். ‘இருக்கு, எங்கேயோ வெச்சேன்’ என்கிறீர்கள். பழைய ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்ட முடியாமல் அதே பரிசோதனைக்கு மறுபடியும் பணம் கட்டுகிறீர்கள். கேட்டவுடன் எடுத்து நீட்டுகிறவர் அதே கவுன்ட்டர் முன்னால் நிமிர்ந்து நிற்கிறார். அவர் உங்களைவிடப் புத்திசாலி இல்லை. தேடினால் கிடைக்கும்படி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். மரங்கள் பிழைக்கும் என்பதற்காகவும் காகிதத்தைக் குறைக்கலாம், நல்லதுதான். எனக்கு அதைவிட முக்கியம், உங்கள் வாழ்க்கை உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது.

கருவி மாறுவது நமக்குப் புதிதா? ஊர் ஊராக அலைந்து சுவடி தேடிய உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சில் கொண்டுவந்தார். ஓலையின் மேல் அவருக்கு இருந்த அன்பு வேறு யாருக்கு இருந்திருக்கும்? அந்த அன்பினால்தான் அவற்றை அச்சுக்குக் கொண்டுபோனார். செல்லரித்த ஏடுகளைத் தொட்டவர் அவர். ஆற்றில் விட்ட சுவடிகளைப் பற்றியும் தீயில் இட்ட சுவடிகளைப் பற்றியும் கேட்டு மனம் நொந்தவர். ஒரே பிரதியாக இருப்பது எந்நேரமும் அழியலாம் என்று அவருக்குத் தெரியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் சாம்பலாயின. அந்த இழப்புக்கு ஈடே கிடையாது. ஆனாலும் தமிழர்கள் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் காசு வாங்காமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். 2005இல் ‘நூலகம்’ திட்டம் ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்க்கத் தொடங்கியது. இவர்களின் வாரிசு நீங்கள். உங்கள் வீட்டு பீரோவைக் கண்டா அஞ்சுவீர்கள்?

2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னைக்காரர்களிடம் கேளுங்கள். பட்டா, மதிப்பெண் சான்றிதழ், ரேஷன் அட்டை எல்லாம் நனைந்து கூழாகி, மறுபிரதி வாங்குவதற்காக அரசு சிறப்பு முகாம்களே நடத்த வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஜூலையில்தான் மத்திய அரசின் மின்-ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் வந்திருந்தது. உரிய துறையே அதில் நேரடியாக வெளியிடும் ஆவணத்தை அசலுக்குச் சமமாக ஏற்க 2017இல் விதியும் வந்துவிட்டது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நீங்களே படமெடுத்து ஏற்றியதற்கு அந்த மதிப்பு கிடையாது. நிலத்தின் மூலப் பத்திரத்தையும் உயிலையும் படமெடுத்துக்கொண்டு, அசலைப் பூட்டிப் பத்திரப்படுத்துங்கள். அந்த இரண்டிலும் காகிதம்தான் பேசும்.

தட்டச்சு தெரியாதா? பேசுங்கள்! 2017 முதல் கூகுள் விசைப்பலகை தமிழில் சொல்லச் சொல்ல எழுதுகிறது. தப்பு விழும், திருத்திக்கொள்ளுங்கள். அச்சிட்ட தமிழ்ப் பக்கத்தைப் படமெடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்துகள் தனியே வந்துவிடும். பிறகு அந்தப் பக்கத்தில் எந்தச் சொல்லையும் தேடலாம். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், நாள், விஷயம் என்ற வரிசையில் வையுங்கள்: ‘2025-03-14 அப்பா கண் பரிசோதனை’. கோப்புகள் தாமாகவே வரிசையில் நின்றுகொள்ளும்.

எந்தச் செயலி நல்லது என்று மாதக்கணக்கில் ஆராய்ந்துகொண்டிருப்பதும் பயத்தின் இன்னொரு வேஷம்தான். கூகுள் கீப் போதும், ஒன்நோட் போதும், ஜாப்ளின் போதும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நான் எழுதியதை மொத்தமாக வெளியே எடுக்க முடியுமா? இந்தியாவில் எத்தனையோ பேர் நம்பியிருந்த கேம்ஸ்கேனர் செயலியை 2020 ஜூனில் அரசு தடை செய்தது. எவர்நோட் 2023 கடைசியில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்புகள்தான் என்று கையை விரித்தது. செயலி போகலாம், உங்கள் எழுத்து போகக்கூடாது. பிடிஎஃப்பாகவோ வெறும் எழுத்துக் கோப்பாகவோ இன்னொரு இடத்தில் ஒரு பிரதி கட்டாயம் இருக்கட்டும். கணக்குக்கு இரட்டைப் பூட்டு (இரண்டு படிச் சரிபார்ப்பு) போடுங்கள். ஏடிஎம் ரகசிய எண்ணைக் குறிப்பில் எழுதவே எழுதாதீர்கள்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி, தங்கையே, உனக்குத் தனியாக ஒன்று. கையெழுத்தை விடச் சொல்லவில்லை. முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மடிக்கணினியில் குறிப்பெடுத்த மாணவர்கள் கேட்டதை அப்படியே தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். கருத்தைப் புரிந்து விடையளிக்கும் கேள்விகளில் கையால் எழுதியவர்கள் முந்தினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அந்த வித்தியாசம் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. எப்படியானாலும், யோசிக்காமல் எழுதும் குறிப்பு வீண். கையால் எழுது, உன் சொல்லில் சுருக்கு, அன்றிரவே படமெடுத்துத் தலைப்புப் போட்டுச் சேர்த்துவிடு. பேருந்தில் நிற்கும் நேரத்தில் உன் நோட்டு முழுவதும் உன் சட்டைப் பையில் இருக்கும். எவனும் கோச்சிங் சென்டரில் விற்க முடியாத பாடநூல் அது. நீ எழுதியது!

எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் படமெடுக்கக் கிளம்பாதீர்கள், திங்கட்கிழமை களைத்துவிடுவீர்கள். இன்று வீட்டுக்குள் வரும் காகிதத்தில் தொடங்குங்கள். மின்கட்டண ரசீதா? படமெடு, பெயர் வை, முடிந்தது. பழைய கட்டிலிருந்து முதலில் எடுக்க வேண்டியது, எந்த அலுவலகமும் மறுபிரதி தராத காகிதங்கள்: தாத்தாவின் கடிதம், அம்மா பென்சிலால் கிறுக்கிய ஊறுகாய் அளவு, நீங்கள் இருபது வயதில் எழுதி யாருக்கும் காட்டாத கவிதை. பாட்டி இருக்கிறாரா? இன்றே பக்கத்தில் உட்கார்ந்து குரல்பதிவை அழுத்துங்கள். மருந்துக் குழம்புக்கு எவ்வளவு மிளகு என்று கேட்டால் ‘கண்ணளவுதான்’ என்பார். அதையும் பதிவு செய்யுங்கள். தேதி போட்டு, இரண்டு இடத்தில் சேமியுங்கள்.