தர்மமும் பிதிரார்ச்சிதமே



தந்தை விட்டுச்சென்ற வீட்டையும் காணியையும் பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்வர். அவர் தொடங்கிய தர்மத்தை ஏற்பவர் யார்?

கொழும்பு ஹெவ்லொக் டவுனில் குடியிருக்கும் நம் ஊரவர் கொட்டாஞ்சேனை சென்று ஸ்ரீ பொன்னம்பலவாணேஸ்வரரைத் தரிசிப்பதுண்டு. பொன்னம்பல முதலியார் 1857இல் அமைத்த அவ்வாலயத்தை அவர் மைந்தர் சேர் பொன். இராமநாதன் கருங்கல் திருக்கோயிலாக்கினார்.

அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. பெண்பிள்ளைகள் சைவச் சூழலில் உயர்கல்வி பெறுதல் அரிதாயிருந்த காலத்தில், 1913இல் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியை நிறுவினார். 1921இல் திருநெல்வேலியில் ஆண்பிள்ளைகளுக்குப் பரமேஸ்வராக் கல்லூரி எழுந்தது. மருமகன் சு. நடேசபிள்ளை அதன் அதிபராய்த் தொண்டாற்றினார். 1930இல் இராமநாதன் சிவபதமடைந்தபின், துணைவியார் லீலாவதி அம்மையார் பெண்கள் கல்லூரியைப் பேணிக் காத்தார்.

பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில் 1974இல் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தோன்றியது. அக்குடும்பத்தாரை ஒருநாளும் கண்டிராத பிள்ளைகள் இன்று அங்கே கற்கின்றனர். ஆகவே, தர்மத்துக்குத் தலைமை தாங்கும் குடும்பம் அதன் சொந்தக்காரர் அன்று, காவலரே. இறைவன் பொருளை அவன் பிள்ளைகளிடம் சேர்ப்பிப்பதே அவர்கள் கடன்.

நாமும் பெற்றோர் நினைவாகத் திருவிழா உபயம் செய்கின்றோம். அவர்களின் திதிநாளில், வசதியற்ற ஒரு பிள்ளையின் படிப்புச் செலவையும் ஏற்போம். அப்பொறுப்பை நம் மக்களிடம் இப்போதே ஒப்படைப்போம். பெறும் பிள்ளையின் மனம் நோகாது கொடுக்கவும் கற்பிப்போம். நமக்குப்பின் உபயமும் நிற்காது. அந்தப் பிள்ளையின் படிப்பும் நிற்காது.

திருச்சிற்றம்பலம்.