மீனுக்கு வலிக்குமா?



கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் பிள்ளைகளைக் கட்டி வைக்க முடிவதில்லை. ஆற்றுக்குப் போக வேண்டும், குளத்தில் நீந்த வேண்டும், மலையடிவாரத்தில் கூடாரம் அடித்து ஓர் இரவாவது தங்க வேண்டும், தூண்டில் போட வேண்டும் என்று நச்சரித்துக் கொண்டே இருப்பார்கள். கேட்பதில் குற்றமில்லை. நாமும் அந்த வயதில் அதைத்தான் கேட்டோம். ஆனால் இந்த இன்பங்களில் தூண்டில் மட்டும் மற்றவற்றைப் போன்றதல்ல. அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். ஒரு சிறுவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். நான் அவனுக்கு நேர்மையாகப் பதில் சொல்லவில்லை. அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் என் மகனை வாய்க்கால் கரைக்கு அழைத்துச் சென்றேன். மூங்கில் குச்சி, நரம்பு, தக்கை, முள், கொட்டாங்கச்சியில் மண்புழு. இவ்வளவுதான் எங்கள் ஆயுதம். இரண்டு மணி நேரத்தில் விரல் நீளக் குஞ்சுகளாகப் பத்துப் பன்னிரண்டு சிக்கின. ஒவ்வொன்றையும் முள்ளிலிருந்து பிடுங்கிப் புல்லின் மேல் போட்டுக்கொண்டே வந்தோம். அவை துள்ளின, பின்பு வாயைத் திறந்து திறந்து மூடின. பையன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக் கொண்டிருந்துவிட்டு, “அப்பா, இதுக்கு வலிக்குமா?” என்று கேட்டான். “மீனுக்கு என்னடா வலி? சத்தம் போடாதே, தக்கையைப் பார்” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அவன் தாய் பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “இந்தப் பொடியை எல்லாம் ஆய்ந்து எப்போது குழம்பு வைப்பது? இதில் என்ன சதை இருக்கிறது?” என்றாள். அவ்வளவுதான். அத்தனையும் பூனைக்குக்கூட முழுதாகப் போய்ச் சேராமல் குப்பைக்குப் போயின. அந்த இரவு எனக்கு உறுத்தியது மீன் செத்தது அல்ல. வாரந்தோறும் மீன் வாங்கித் தின்கிறவன்தான் நான். ஒரு காரணமும் இல்லாமல் அவை செத்தன என்பதும், கேட்ட பிள்ளைக்குத் தெரியாததைத் தெரிந்தது போல் சொன்னேன் என்பதுமே உறுத்தின.

ஆகையால் அவன் கேள்வியை இன்று முறையாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். பொழுதுபோக்கே தவறு என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. அர்ச். அருளப்பரைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு, அர்ச். தோமாஸ் அக்குயினாசும் அதை எடுத்துக் காட்டுகிறார். அருளப்பர் தம் சீடரோடு விளையாடிக் கொண்டிருந்ததைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்களாம். அவர்களில் வில் வைத்திருந்த ஒருவனை அவர் அம்பு எய்யச் சொன்னார். அவன் பல முறை எய்தான். “இடைவிடாமல் இப்படியே எய்து கொண்டிருக்க முடியுமா?” என்று கேட்டார். “முடியாது, வில் முறிந்துபோகும்” என்றான் அவன். மனித மனமும் அப்படித்தான் என்றார் அருளப்பர். உடல் உழைப்புக்குப் பிறகு தூக்கம் எப்படியோ, மன உழைப்புக்குப் பிறகு விளையாட்டும் அப்படியே. வாரம் ஆறு நாளும் ஆலையிலும் அலுவலகத்திலும் அடுப்படியிலும் வளைந்த வில்லை ஒரு நாள் தளர்த்தி வைப்பது பாவமல்ல, புத்திசாலித்தனம்.

ஆனால் பந்து விளையாட்டில் இரு பக்கத்தாரும் விளையாடுகிறார்கள். நீச்சலில் தண்ணீருக்கு நோவதில்லை. கூடாரம் அடித்தால் புல் சற்று மடங்கும், மறுவாரம் நிமிர்ந்துவிடும். தூண்டிலில் மட்டுந்தான் ஒரு பக்கத்துக்கு விளையாட்டு, மறு பக்கத்துக்கு உயிர்ப் போராட்டம். வலை வீசிப் பிழைப்பவரைப் பற்றி நான் பேசவில்லை. அது தொழில், அர்ச். இராயப்பர் செய்த தொழில். குழம்புக்காகப் பிடிப்பவரைப் பற்றியும் பேசவில்லை. பசியும் இல்லாமல், பிழைப்பும் இல்லாமல், சந்தோஷத்துக்காக மட்டும் முள்ளை நீரில் விடுகிறோமே, அதற்கு என்ன நியாயம் என்பதே கேள்வி.

இந்தக் கேள்விக்கு உலகம் நேரெதிரான இரண்டு பதில்களைச் சொல்லியிருப்பது வியப்பானது. ஜெர்மனியில் 1972-ஆம் ஆண்டுப் பிராணிப் பாதுகாப்புச் சட்டப்படி, தக்க காரணமின்றி ஒரு பிராணியை வதைக்கலாகாது. உணவு தக்க காரணம். வெறும் வேடிக்கை காரணமாகாது. சுவிட்சர்லாந்தோ 2008-இல் வகுத்த விதிகளில், மீண்டும் விட்டுவிடும் எண்ணத்தோடு மீன் பிடிக்கவே கூடாது என்றது. ஆக, அங்கே பிடித்தால் சட்டிக்கு. இல்லையென்றால் தூண்டிலை எடுக்காதே.

நம் பக்கத்துக் காவிரியிலோ விதி தலைகீழ். கர்நாடகத்தின் காவிரிக் கரையில் பீமேசுவரி, காலிபோர் ஆகிய இடங்களில் தூண்டில் முகாம்கள் நடந்தன. அங்கே வந்தவர்கள் கூடாரத்தில் தங்கி, பரிசலில் போய், ராகி உருண்டையை இரையாகக் கோத்து மஹ்சீர் மீனைப் பிடிப்பார்கள். கெண்டை இனத்தைச் சேர்ந்த மிகப் பெரிய மீன் அது. 1946-இல் காவிரியின் கிளையாகிய கபினியில் பிடிபட்ட ஒன்று 120 ராத்தல், அதாவது ஏறக்குறைய 54 கிலோ இருந்தது. அந்த முகாம்களில் பிடித்த மீனை எடை போட்டுக் குறித்துக்கொண்டு உயிரோடு ஆற்றில் விட்டுவிட வேண்டும். தின்பது குற்றம், விடுவதே ஒழுக்கம்.

இவர்களில் யார் சொல்வது சரி? தீர்ப்புச் சொல்லுமுன் பையனின் கேள்விக்கே வருவோம். மீனுக்கு வலிக்குமா?

2003-இல் பிரிட்டனில் சில ஆராய்ச்சியாளர்கள் டிரவுட் மீனைச் சோதித்தார்கள். அதன் தலையிலும் உதட்டைச் சுற்றிலும், காயத்தையும் சூட்டையும் எரிச்சலூட்டும் பொருளையும் உணர்ந்து செய்தி அனுப்பும் நரம்பு முனைகள் இருப்பதைக் கண்டார்கள். உதட்டில் அமிலம் ஏற்றப்பட்ட மீன்கள் வாயைத் தரையில் உராய்த்தன. வெகு நேரம் இரை எடுக்கவில்லை. அந்த நரம்புச் செய்தி, நாம் “ஐயோ” என்று உணர்வது போன்ற வேதனையாக மீனுக்குள் மாறுகிறதா என்பதில் அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆனால் “மீனுக்கு என்னடா வலி?” என்று அலட்சியமாகச் சொல்ல இனி யாருக்கும் உரிமையில்லை.

சந்தேகம் உள்ள இடத்தில் என்ன செய்வது? புதரில் அசைவது மானா மனிதனா என்று தெரியாத வேடன் அம்பு விடலாகாது என்று நீதி நூலோர் சொல்வார்கள். மீன் மனிதனல்ல, ஆகையால் அந்த உவமையை முழுதும் இங்கே பொருத்த முடியாது. ஆயினும் அதில் ஒரு பங்கு நமக்கும் உண்டு. வேதனை இருக்கக்கூடும் என்றால், அவசியமில்லாத வேதனையைக் கொடுக்காமலிருப்பது நம் கடமை. சந்தேகத்தின் பலன் முள்ளை விழுங்கியவனுக்குப் போகட்டும், முள்ளைப் பிடித்தவனுக்கு வேண்டாம்.

அப்படியானால் பிடித்து விடுகிறவனின் கதி என்ன? அவன் உயிரைக் கொல்லவில்லை. ஆனால் தன் வேடிக்கைக்காக அதை அலைக்கழித்தான். “நான்தான் விட்டுவிட்டேனே” என்பது முழுப் பரிகாரமாகாது. உலர்ந்த கையால் பிடித்த மீனின் மேலுள்ள வழுவழுப்புப் படலம் உரிந்து போகிறது. அதன் பிறகு நோய் எளிதில் பற்றும். படம் எடுக்க வேண்டும் என்று நீருக்கு வெளியே தூக்கிப் பிடித்திருக்கும் நேரம் நமக்கு அரை நிமிஷம். செவுளால் மூச்சு விடும் அதற்கு அது தண்ணீரில் அமுக்கப்பட்ட அரை நிமிஷம். விட்டவுடன் நீந்திப் போனது பிழைத்தே தீரும் என்பது நிச்சயமில்லை.

ஆனால் காவிரி முகாம்களின் கதை இத்துடன் முடியவில்லை. அங்கே தூண்டில் போட்டவர்கள் பிடித்த ஒவ்வொரு மீனையும் கணக்கில் எழுதி வைத்தார்கள். 1998 முதல் 2012 வரையிலான அந்தக் கணக்கில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மஹ்சீர்கள் பதிவாகியிருந்தன. பிற்காலத்தில் விஞ்ஞானிகள் அதைப் புரட்டிப் பார்த்தபோது ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர் வர வர அரிதாகிக் கொண்டிருந்தது. சிக்கியவை பெரிய கிழ மீன்கள். அவற்றுக்குப் பின் குஞ்சுகள் வளர்ந்து வரவில்லை. அதன் இடத்தை நீலத் துடுப்பு மஹ்சீர் பிடித்துக் கொண்டிருந்தது. அது எங்கிருந்து வந்தது? ஆற்றில் மீன் பெருக வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு, 1970-களிலிருந்து வெளிப் பொரிப்பகத்தின் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். மஹ்சீர் எல்லாம் ஒன்றுதானே என்ற நினைப்பு! அந்தத் திமில் மஹ்சீருக்கு உரிய விஞ்ஞானப் பெயர் இன்னதென்று 2018-இல்தான் உறுதியாயிற்று. அதே ஆண்டு அது முற்றாக அழியும் விளிம்பில் உள்ள உயிராகவும் உலகப் பட்டியலில் சேர்ந்தது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. நல்லெண்ணம் மட்டும் போதாது. அறிவும் வேண்டும் என்பது ஒன்று. மற்றொன்று, வேடிக்கைக்காக வந்தவர்களின் நேர்மையான கணக்குப் புத்தகமே அந்த மீனுக்காகச் சாட்சி சொன்னது என்பது. காட்டுயிர்ச் சட்டத்தை முன்னிட்டு 2012-க்குப் பிறகு அந்த முகாம்களின் தூண்டில் விளையாட்டு நின்றது. தூண்டில்காரர்கள் கரையில் இருந்தவரை வெடி வைத்து மீன் பிடிப்பவர்கள் அஞ்சினார்கள் என்று அவர்கள் வாதிடுகிறார்கள். வெடியும் விஷமும் வைத்து மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்தது. ஆனால் சட்டம் ஏட்டில் இருந்து என்ன பயன், ஆற்றங்கரையில் கண் இல்லாவிட்டால்?

“நன்மை விளைந்தது, ஆகவே வேடிக்கையும் நியாயமே” என்று சொல்லிவிடலாமா? அதுவும் கூடாது. நல்ல முடிவு கெட்ட வழியை நல்லதாக்காது. ஆனால் இங்கே வழியே கெட்டதுதானா, அல்லது கவனத்தால் திருத்தக்கூடியதா என்பதைப் பார்க்க வேண்டும். பழைய ஏற்பாட்டில் ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது. பறவைக் கூட்டைக் கண்டால் குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம். தாய்ப் பறவையை விட்டுவிட வேண்டும். எடுக்காதே என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் எடுக்காதே என்கிறது. பிராணிகளிடம் இரங்கிப் பழகியவன் மனிதரிடமும் இரங்குவான் என்று அக்குயினாஸ் இத்தகைய கட்டளைகளுக்கு விளக்கம் சொல்கிறார். அவர் சொன்ன காரணத்தோடு மற்றொன்றையும் சேர்ப்பேன்: அந்த இரக்கத்துக்கு அந்தப் பிராணியே பாத்தியதை உள்ளது.

ஆகையால் என் முடிவு இது. மலிவாகக் கிடைக்கும் மீனானால், வீட்டுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு பிடியுங்கள், பிடித்ததைப் புல்லில் துடிக்கவிடாமல் தலையில் ஒரே அடியாக அடித்து உடனே முடித்துவிடுங்கள், சமைத்து உண்ணுங்கள். போதுமென்றதும் தூண்டிலைச் சுருட்டுங்கள். குஞ்சு மீனோ, அருகிவரும் மீனோ தப்பிச் சிக்கினால், கையை நனைத்துக்கொண்டு, நீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி விடுங்கள். முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் கூரைக் குறட்டால் நசுக்கிவிட்டால் கழற்றுவது எளிது. அனுமதி இல்லாத நீரில் இறங்காதீர்கள். இவ்வளவும் செய்ய மனமில்லாதவர் கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துவிட்டு வரலாம். அந்த இன்பத்தில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது என்பது தூண்டில் போட்டவர்கள் எல்லோருக்கும் தெரியும். அறுந்த நரம்பைக் கரையில் போட்டு வராதீர்கள். நாம் போன பிறகும் அது கொக்கின் காலையும் நாரையின் அலகையும் பிடித்துக்கொண்டே இருக்கும்.

கடைசியாக, தகப்பன்மாரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. ஆற்றங்கரையில் பிள்ளை மீன் பிடிக்க மட்டும் கற்றுக்கொள்வதில்லை. தன்னைவிடப் பலவீனமான ஒன்று தன் கைக்குள் சிக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதையும் கற்றுக்கொள்கிறான். நாளைக்கு அவன் கைக்குள் வேலையாள் இருப்பான், மனைவி இருப்பாள், வயதான நீங்களும் இருப்பீர்கள்.

என் மகன் இப்போது என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான். இந்தக் கோடையில் மறுபடியும் வாய்க்காலுக்குப் போவதாக இருக்கிறோம். அன்றைய கேள்வியை அவன் மறந்திருக்கலாம். நானே அதை எடுத்து, “வலிக்கும் போலத்தான் இருக்கிறதடா. அன்றைக்கு நான் தெரியாமல் சொல்லிவிட்டேன்” என்று சொல்லப் போகிறேன். தூண்டிலை எடுப்பதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து முடிவு செய்வோம்.