மானாவாரி ஆட்டம்

போன வருசம் உளுந்து நன்றாகக் கண்டது என்பதற்காக இந்தப் புரட்டாசியில் மழை இறங்கிவிடாது. பசுவந்தனைப் பக்கம் கரிசல் உழுகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். கோவில்பட்டி வட்டாரம் ஹாக்கி மண். டென்னிஸ் மட்டையைக் கையில் தொடாதவர்களே இங்கு அதிகம். ஆனாலும் டென்னிஸ்காரனின் வரவு செலவு எங்கள் ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

ஒரு போட்டியில் எடுத்த தரவரிசைப் புள்ளிக்கு ஆயுள் 52 வாரம். மறு ஆண்டு அதே வாரம் வந்ததும் அது கழன்று விழும். மறுபடி அதே அளவு ஜெயித்தால்தான் இருந்த இடத்தில் இருக்கலாம்.

ஹரியானாவின் சுமித் நாகல், ஒற்றையரில் இந்தியாவின் முதல்நிலை ஆட்டக்காரராக இருந்தபோதே, 2023 செப்டம்பரில், தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று சொன்னார். விமான டிக்கெட், ஓட்டல், பயிற்சியாளர் சம்பளம் என்று வந்ததெல்லாம் போய்விடும். 2024 ஜனவரியில் மழை பெய்தது. ஆஸ்திரேலிய ஓப்பனில் மூன்று தகுதிச் சுற்றுகளைத் தாண்டி வந்து, முதல் சுற்றில் அலெக்சாண்டர் பப்லிக்கை வீழ்த்தினார். இரண்டாம் சுற்றுக்கு வந்ததற்குக் கிடைத்தது 1,80,000 ஆஸ்திரேலிய டாலர். பிப்ரவரியில் சென்னை சேலஞ்சர் பட்டம் அவரை முதல் நூறுக்குள் ஏற்றியது; ஜூலையில் 68ஆம் இடம். மறு ஜனவரியில் அதே மெல்போர்னில் முதல் சுற்றிலேயே தோற்றார். பழைய புள்ளி கழன்றது, நூறுக்கு வெளியே வந்துவிட்டார்.

இந்தப் பிழைப்பில் தோல்விதான் அன்றாடச் சோறு. 32 பேர் ஆடும் போட்டியில் 31 பேர் தோற்றுத்தான் பெட்டி கட்ட வேண்டும். ஜெயிக்கிறவனும் பாதிக்குப் பக்கம் தோற்றுக்கொண்டேதான் ஜெயிக்கிறான். ரோஜர் ஃபெடரர் தன் 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம் வென்றார்; ஆனால் ஆடிய புள்ளிகளில் வென்றது 54 சதவீதம்தான். கேம், செட் என்று அடுக்கி எண்ணும் முறையில் அந்தச் சின்ன மிச்சமே பெரிதாகிவிடுகிறது. ஆகவே ஒரு புள்ளி போனதும் அடுத்த சர்வீசுக்கு இருக்கும் 25 நொடியில் அதை மறந்தாக வேண்டும். துண்டால் முகம் துடைப்பதும், மட்டையின் நரம்பைத் திருத்துவதும் அதற்கான சாக்குதான். இதைப் பலர் மன உறுதி என்கிறார்கள். எனக்கென்னவோ பழகிப்போன மறதி என்றே படுகிறது.

பப்லிக்கை நாகல் வென்றபோது எல்லோரும் நினைத்துக்கொண்ட பெயர் ரமேஷ் கிருஷ்ணன். 1989இல் அதே ஆஸ்திரேலிய ஓப்பனில், உலக முதல்நிலையில் இருந்த மேட்ஸ் விலாண்டரைத் தோற்கடித்தவர். அவருடைய அப்பா, நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன், தொழில்முறை ஆட்டங்களை நடத்திய ஜாக் கிரேமர் நீட்டிய ஒப்பந்தத்தை வேண்டாம் என்றார். காசுக்கு ஆடினால் அன்று விம்பிள்டனும் கிடையாது, டேவிஸ் கோப்பையும் கிடையாது. 1960, 1961 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். அவர் காலத்தில் தரவரிசை என்பது பத்திரிகைக்காரர்கள் யோசித்து எழுதிய பட்டியல். 1973 ஆகஸ்டில்தான் கணினி வந்தது.

இப்போது பெரும்பாலான திங்கள்கிழமைகளில் புதுப் பட்டியல் வருகிறது. அது வரும் நேரம் ஆட்டக்காரன் வேறொரு ஊரில், வேறொரு முதல் சுற்றுக்கு ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருப்பான்.